புது அடுப்படிக்கு மேடைக் கல் எடுக்கும் முன்

மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் பலர் மேடைக் கல் பார்க்கக் கிளம்புவது கடைசி நேரத்தில்தான். டைல்ஸ் ஒட்டியாயிற்று, பெயிண்டர் உள்ளே நிற்கிறார், பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், பளபளவென்று நிற்கிற கறுப்புக் கல்லில் முகம் பார்த்து, பிடித்துப்போய், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சிங்க் எவ்வளவு பெரியது, அடுப்பு எந்த வகை என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. முதல்முறை வீடு கட்டுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

முதலில் அடுப்பும் சிங்க்கும்

கல் கடைக்குப் போவதற்கு முன்பே அடுப்பையும் சிங்க்கையும் வாங்கிவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் மாடலையாவது முடிவு செய்து, வெட்டளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்குள் பதிக்கிற ஹாப் அடுப்புக்குக் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வெட்டளவு மாறும். பெட்டிக்குள் ஒரு தாளில் அந்த அளவு இருக்கும். "மூணு பர்னர்தான், தோராயமா வெட்டிருங்க" என்று சொன்ன வீட்டில் கால் அங்குலம் கூடிப்போய், அடுப்பின் விளிம்பு கல்லில் உட்காராமல் நிற்கும். வெட்டிய கல்லை ஒட்ட வைக்க முடியாது.

சிங்க்கில் இரண்டு வகை. விளிம்பு கல்லின் மேல் உட்காருவது ஒன்று, கல்லுக்கு அடியில் ஒட்டுவது இன்னொன்று. அடியில் ஒட்டுகிற வகையில் மேடைத் தண்ணீரை அப்படியே சிங்க்குக்குள் வழித்துவிடலாம், துடைக்கச் சுலபம். ஆனால் வெட்டிய ஓரம் வெளியே தெரியும் என்பதால் உள்பக்கமும் பாலிஷ் போட வேண்டும், அதற்குத் தனிக் கூலி. எதுவானாலும் சிங்க்குக்கு முன்னால், உங்கள் வயிறு இடிக்கிற பக்கம், குறைந்தது மூன்று அங்குலக் கல்லாவது மிஞ்ச வேண்டும். மேடைக் கல் விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த ஒல்லியான பட்டையில்தான்.

உயரம், அகலம்

சமைக்கிறவர் செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு அங்குலம் கழித்தால் அவருக்குத் தோதான மேடை உயரம் வரும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 33 அங்குலம். மேடைமேல் வைக்கிற சாதாரண கேஸ் அடுப்பு என்றால் சட்டியின் வாய் இன்னும் அரை அடி மேலே ஏறிவிடும், அதனால் 32-க்கு இறங்கலாம். அம்மாவும் மருமகளும் சேர்ந்து சமைக்கிற வீடு என்றால் அதிகம் நிற்கிறவர் கணக்குதான் கணக்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கொத்தனார் மேடைத் தளம் போடுகிற சமயத்தில் தரையில் டைல்ஸ் இருக்காது. பின்னால் கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை இரண்டு அங்குலம் ஏறும். மேடையில் கலவையும் கல்லும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு ஏறும். இரண்டையும் கணக்கில் சேர்த்து, முடிந்த தரையிலிருந்து முடிந்த கல் வரை இத்தனை அங்குலம் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

அகலம் இரண்டடி. மேடைக்கு அடியில் வருகிற அலமாரிப் பெட்டிக்கு வெளியே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. அந்த நீட்டலின் அடிப்பக்கம், ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே, நீளவாக்கில் மெல்லிய கோடாக ஒரு வெட்டு போடச் சொல்லுங்கள். மேலிருந்து வழிகிற தண்ணீர் அந்த வெட்டோடு நின்று கீழே சொட்டிவிடும், பெட்டிக் கதவுக்குள் இறங்காது. கேட்டால் போட்டுத் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் போடமாட்டார்கள்.

எந்தக் கல்?

நம் அடுப்படியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். புளி கரைக்கிறோம், எலுமிச்சை பிழிகிறோம், தயிர் சிந்துகிறோம். அயிரை மீன் குழம்புக்கு மஞ்சளும் மிளகாயும் நல்லெண்ணெயும் சேர்ந்து மேடையில் தெறிக்கிறது. குக்கரை அடுப்பிலிருந்து தூக்கி நேராகக் கல்லில் வைக்கிறோம். ஊரில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். இந்த நாலையும் தாங்குகிற கல்தான் நமக்கு வேண்டும்.

இந்தக் கண்ணால் பார்த்தால் மார்பிள் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். அது சுண்ணாம்பு வகைக் கல், புளிப்பு பட்ட இடம் அரித்து மங்கும். பூஜை அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகைதான். விலை குறைவு, பலகை பலகையாகப் பிளந்து வரும், மேடைக்கு அடியில் தட்டு அடிக்க அதைவிடத் தோதானது கிடையாது. மேடைக்கு மேலே போட்டால் நாளாக ஆகப் பளபளப்பு செத்து, எலுமிச்சைத் தடம் சாம்பல் வட்டமாக நிற்கும். நானோ ஒயிட் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கும், ஆனால் கண்ணாடிச் சாதி. கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டு வரும்போது ஓரத்தில் தட்டினால் சில்லு போகும், போனது போனதுதான்.

அடுத்தது குவார்ட்ஸ். இது பாறையிலிருந்து வெட்டி வருவது கிடையாது. குவார்ட்ஸ் தூளை ரெசின் பசையில் கலந்து அழுத்திச் செய்வது, எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தூள். நிறம் சீராக இருக்கும், தண்ணீர் உறிஞ்சாது, மஞ்சள் கறை அவ்வளவாகப் பிடிக்காது. சூடுதான் அதன் பலவீனம். 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்த ரெசின் கெட்டுப்போகும். வடை பொரிக்கிற எண்ணெயே 170, 180-இல் நிற்கும். அந்தச் சட்டியை இறக்கி வைத்தால் தடம் விழும். சப்பாத்திக் கல்லைக் கேட்கவே வேண்டாம். எப்போதும் பிரிமணையோ மரப்பலகையோ போட்டுத்தான் வைப்போம் என்று உறுதியாகச் சொல்கிற வீடுகளுக்கு மட்டும் குவார்ட்ஸ். வெயில் நேராக விழுகிற சன்னலோரத்தில் அது மெல்ல மஞ்சளாகவும் மாறும்.

குவார்ட்ஸை வெட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் தூசியில் சிலிக்கா மிக அதிகம், நுரையீரலில் போய் உட்காரும். வெட்டுகிற தொழிலாளர்கள் சிலிகோசிஸ் நோயில் விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் உங்கள் வீட்டில் வைத்து வெட்டினால் தண்ணீர் ஊற்றித்தான் வெட்ட வேண்டும், மாஸ்க் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தரை நனையும் என்று பார்க்காதீர்கள்.

என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான். எஃகுக் கத்தியைவிடக் கடினம், சூட்டுக்கு அசராது, புளிக்கு மசியாது. ஆனால் கிரானைட் என்ற பெயரில் கடையில் நிற்பதெல்லாம் ஒரே சாதி கிடையாது. வெளிர் நிறக் கற்கள் பொதுவாகக் கூடுதலாக உறிஞ்சும், கறுப்புக் கற்கள் இறுக்கமானவை.

வெளிர் நிறத்தில் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. காஷ்மீர் ஒயிட் என்று உலகமெல்லாம் போன கல், மதுரைப் பக்கம் வெட்டியதுதான். வெள்ளைச் சாம்பலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும், அவை கார்னெட் மணிகள். மேலூர் வட்டாரத்து வெளிர் கற்களுக்கு வெளிநாட்டில் ஒரு காலத்தில் பெரிய மவுசு. 2012-இல் குவாரி முறைகேடுகள் வெளியே வந்து குவாரிகள் மூடப்பட்ட கதை ஊருக்கே தெரியும். ஆகவே "மேலூர் பக்கத்துலதானே இருக்கு, சல்லிசா கிடைக்கும்" என்ற நினைப்போடு கடைக்குப் போகாதீர்கள். இன்று கடையில் நிற்பவற்றில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, ராஜஸ்தான் கற்கள் நிறைய. பொன் புள்ளி மினுக்குகிற பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியிலிருந்து வருவது, பழுப்பு நிற டேன் பிரவுன் தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கம். காஷ்மீர் ஒயிட் மாதிரி வெளிர் கல்தான் வேண்டும் என்றால் எடுக்கலாம். ஆனால் பதித்ததும் கல் உறிஞ்சாமல் தடுக்கிற சீலர் பூச வேண்டும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். இதெல்லாம் நடக்கிற வீடா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்புக்கும் குறை உண்டு. மழமழவென்ற பாலிஷ் கறுப்பில் போர்த் தண்ணீரின் உப்புத் தடம் ஒவ்வொரு சொட்டும் தெரியும். சாயங்காலத்துக்குள் நாலு தடவை துடைக்க வைக்கும். சன்னல் சின்னதாக இருந்தால் அடுப்படியையே இருட்டாக்கிவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பழுப்பு, சாம்பல், புள்ளி போட்ட கற்களைப் பாருங்கள். டேன் பிரவுனும் ஸ்டீல் கிரேயும் பார்க்கச் சுமாராகத் தோன்றும், பத்து வருடம் கழித்தும் அதே சுமாரில்தான் நிற்கும். உப்பும் தெரியாது, மஞ்சளும் தெரியாது, சிந்திய கடுகும் தெரியாது. கறுப்புதான் வேண்டும் என்று மனசு கேட்டால் லெதர் ஃபினிஷ் கேளுங்கள். சொரசொரப்பான மேலாட்டம், கைரேகையும் உப்பும் அடங்கித் தெரியும். ஆனால் சப்பாத்தி மாவு அந்தக் குழிகளில் ஒட்டும், துணியால் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

கடையில் சோதிப்பது

கையகலச் சாம்பிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வரப்போகிற அதே ஸ்லாபை, அதாவது முழுப் பலகைக் கல்லை, வெளியே எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். ஷெட்டுக்குள் டியூப் லைட்டில் பார்க்கிற நிறம் வேறு, வெயிலில் வேறு. காலை பத்து மணிக்குப் போனால் வெளிச்சமும் இருக்கும், கடைப் பையன்களும் அலுத்துப்போயிருக்க மாட்டார்கள். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் நெயில் பாலிஷ் ரிமூவர், வெள்ளைத் துணி, டேப்.

ஸ்லாபின் மேல் ஒரு கைத் தண்ணீரைத் தேங்க விட்டு, கால் மணி நேரம் மற்ற கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள். துடைத்ததும் அந்த இடம் பழைய நிறத்திலேயே இருந்தால் இறுக்கமான கல். கறுத்து, வட்டமாக நின்று, மெல்ல வெளுத்தால் உறிஞ்சுகிற கல். எண்ணெயும் அதே வழியில்தான் போகும், ஆனால் தானாகத் திரும்பி வராது.

கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. சாம்பல் கல்லுக்குக் கறுப்புப் பூசி விலை கூட்டுவார்கள். வெள்ளைத் துணியில் ரிமூவரை நனைத்து மூலையில் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் அந்தக் கடையிலேயே மேற்கொண்டு நிற்க வேண்டாம். எலுமிச்சையை ஓரத்தில் பிழிந்து கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள். மங்கிய தடம் விழுந்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. சோதிக்கும் முன் கடைக்காரரிடம் சொல்லிவிடுவது மரியாதை. நல்ல சரக்கு வைத்திருக்கிறவர் "தாராளமா பாருங்க சார்" என்பார்.

அடுத்தது விரிசல். மெல்லிய கோடு ஒன்றைக் காட்டிக் கேட்டால் "அது நரம்புண்ணே, கல்லோட டிசைனு" என்ற பதில் தயாராக இருக்கும். சில சமயம் அது உண்மைதான். தெரிந்துகொள்ள, ஸ்லாப் முழுவதும் தண்ணீர் அடித்துக் காய விடுங்கள். எல்லா இடமும் காய்ந்த பிறகும் ஈரமாக ஒரு கோடு மட்டும் நின்றால் அது விரிசல். குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள், மாட்டினால் சந்தேகமே இல்லை. விரல் முட்டியால் பல இடத்தில் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அந்த ஸ்லாபை விடுங்கள். பிறகு பின்பக்கம் போய்ப் பாருங்கள். வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் தானாக நிற்கிற தெம்பு இல்லாதது என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மார்பிளில் அது சகஜம், மேடைக் கிரானைட்டுக்குத் தேவையில்லை.

கனத்தை டேப்பில் நாலு ஓரமும் அளங்கள். 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள், 20 கிடைத்தால் நல்லது. ஒரு பக்கம் 18, மறுபக்கம் 15 என்றால் சேர்க்கிற இடத்தில் மேடு பள்ளம் வரும். 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடி ஏறக்குறைய 5 கிலோ. பத்தடிக்கு இரண்டரை அடி ஸ்லாப் 125 கிலோ வரும். மாடி வீடாக இருந்தால் படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்புமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கணக்கு

ஒரு சுவர் பத்தடி, அடுத்த சுவர் ஆறடி, எல் வடிவ மேடை, அகலம் இரண்டடி என்று வையுங்கள். மூலையை இரண்டு முறை எண்ணக் கூடாது. 10 பெருக்கல் 2, இருபது. மறுபக்கம் ஆறில் இரண்டு போக நாலடி, 4 பெருக்கல் 2, எட்டு. ஆக 28 சதுர அடி. ஆனால் கடையில் வாங்குவது 28 ஆகாது. முழு ஸ்லாபுக்குத்தான் விலை. அதனால் ஸ்லாபின் அகலம் முக்கியம். 30 அங்குல அகலத்தில் ஸ்லாப் கிடைத்தால் 25 அங்குலம் மேடைக்குப் போக, வெட்டில் போனது கழித்து நாலரை அங்குலப் பட்டை மிஞ்சும். முன்பக்கம் ஓரத்தைத் தடிமனாகக் காட்ட ஒட்டுவதற்கும், சுவரோரப் பட்டைக்கும் அதுவே போதும். 27 அங்குல ஸ்லாப் எடுத்தால் மிஞ்சுவது எதற்கும் ஆகாது, காசு மட்டும் போகும்.

சதுர அடி விலை சொல்லும்போது அது ஜிஎஸ்டி சேர்த்ததா, ஏற்றுக்கூலி யாருடையது, வண்டி வாடகை யார், ஓரம் உருட்டி பாலிஷ் போட அடிக்கு எவ்வளவு, சிங்க்கும் அடுப்பும் வெட்ட எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஓரத்துக்கு அரை உருண்டை போதும். கூரான ஓரம் அழகுதான், பாத்திரம் பட்டால் முதலில் சில்லு போவதும் அதுதான். தேர்ந்தெடுத்த ஸ்லாபின் பக்கவாட்டில் உங்கள் பேரை மார்க்கரில் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து இறங்குவது அதேதானா என்று பார்க்க வேறு வழியில்லை.

பதிக்கும் நாள்

சித்திரைத் திருவிழா வாரத்தில் இந்த வேலையை வைக்காதீர்கள். ஆளும் வரமாட்டார்கள், வண்டியும் ஊருக்குள் நகராது.

கல்லைத் தூக்கும்போது செங்குத்தாகத்தான் தூக்க வேண்டும். கிடைமட்டமாகத் தூக்கினால் நடுவில் தன் கனத்திலேயே முறியும். அடுப்பு, சிங்க் ஓட்டைகளை முடிந்தவரை கல்லைத் தளத்தில் உட்கார வைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுகிற மூலை சதுரமாக வேண்டாம், சற்று உருண்டையாக இருக்கட்டும். கூர்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இரண்டு கல் சேருகிற இடம் சிங்க்குக்கு நேராகவோ அடுப்புக்கு நேராகவோ வரவே கூடாது. இதைப் பென்சிலால் தரையில் வரைந்து காட்டியே கேளுங்கள், ஏனென்றால் வேஸ்ட் குறைப்பதற்காக அவர்களுக்கு அங்கே சேர்ப்பதுதான் வசதி.

வெளிர் கல்லுக்கு அடியில் கறுப்புச் சிமெண்டைத் தண்ணியாகக் கரைத்து ஊற்றினால் ஈரம் மேலேறி மாதக்கணக்கில் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளைச் சிமெண்டோ வெள்ளைப் பசையோ கேளுங்கள். கலவை முழுப் பரப்பிலும் பரவ வேண்டும். நாலு உருண்டை வைத்து மேலே கல்லை அமுக்கினால் அடியில் காலியிடம் இருக்கும், என்றைக்காவது அம்மி வைக்கும்போது அங்கேதான் உடையும். பதித்த மறுநாள் தட்டிப் பார்த்தாலே தெரியும். சேர்த்த இடத்தை அரால்டைட் பசையில் கல் நிறம் கலந்து அடைப்பார்கள். சிங்க்கைச் சுற்றி சிலிகான். மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்து, சிங்க் பக்கம் ஓடுகிறதா, சுவர் மூலையில் தேங்குகிறதா என்று ஆட்கள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். காசு முழுவதும் கைமாறிய பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

ஒரு வாரம் கனமான எதையும் ஏற்றாதீர்கள். சுத்தம் செய்யப் பாத்திரம் கழுவுகிற திரவமும் தண்ணீரும் போதும். ஆசிட் பக்கமே போகாதீர்கள், சேர்ப்பும் பாலிஷும் சேர்ந்து போகும். எண்ணெய்க் கறை இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி இரவு முழுக்க விடுங்கள். சோடா எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுபடி போடலாம்.

சிங்க்குக்கு வெட்டிய நடுத்துண்டு உங்களுடையது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கல். கேட்காவிட்டால் அது வண்டியோடு போய்விடும். ஓரத்தை மட்டும் பாலிஷ் போட்டு வாங்கி வைத்தால் சப்பாத்தி தேய்க்க ஆகும், ஃபில்டருக்கு அடியில் போட ஆகும். நாளைக்கு மேடையில் ஒரு மூலை உடைந்தாலும் அதே நிறத்தில் ஒட்டுப்போடக் கல் தேடி அலைய வேண்டியிருக்காது.